ஏழு செடிகளும் எடுத்துவிட்ட ஒரு வரியும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டது.

வந்தவர் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர் என்று பிறகு சொன்னார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு பத்திரிகைப் பக்கம். எண்ணெய் ஏறி ஏறித் தாள் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு ஆகியிருந்தது. அதில் என் பெயரும், பதினைந்து வருடத்துக்கு முந்தைய என் புகைப்படமும் இருந்தன. அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானாக்கா?"

"நான்தான். அப்போ கொஞ்சம் முடி இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தை மேசைமேல் வைத்து, சட்டையின் காலரைத் தேய்ப்பதுபோல உள்ளங்கையால் தேய்த்துவிட்டார்.

அது நான் எழுதிய கட்டுரை. ஒரு மாத இதழில் செடிகொடிகளைப் பற்றி எழுதிவருகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்று நாலு புத்தகத்தைப் புரட்டி, நாலு பேரைக் கேட்டு, கொஞ்சம் மெருகேற்றி எழுதுகிறவள். அந்த மாதத் தலைப்பு, சர்க்கரை நோய்க்கு வழிவழியாகப் பயன்பட்டு வரும் செடிகள். 'ஏழு கிழமைக்கு ஏழு செடி' என்று எழுதினேன். திங்களுக்கு ஆவாரம்பூ, செவ்வாய்க்கு வெந்தயம், புதனுக்கு நாவல் கொட்டைப் பொடி, வியாழனுக்குச் சிறுகுறிஞ்சான் இலை, வெள்ளிக்குப் பாகற்காய்ச் சாறு, சனிக்குக் கோவை இலை, ஞாயிற்றுக்கிழமை வேங்கை மரக் கட்டை ஊறிய தண்ணீர்.

எந்த வைத்தியரும் இப்படிக் கிழமை பிரித்துக் கொடுத்ததில்லை. என்னிடம் ஏழு செடி இருந்தது, வாரத்தில் ஏழு நாள் இருந்தது. இரண்டும் பொருந்தியதில் எனக்கு ஒரே குஷி, அவ்வளவுதான்.

கட்டுரை இப்படி முடிந்திருந்தது: 'ஆவாரம்பூ மஞ்சளாக இறங்கும் அந்த நீரில், உடம்பு தன்னைத் தானே திருத்திக்கொள்ளத் தொடங்குகிறது.'

அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. மாத்திரையைப் பற்றியது. இடம் போதவில்லை என்று ஆசிரியர் எடுத்துவிட்டார். (ஆசிரியர்களே இப்படித்தான்.)

அந்தப் பெண் சொன்னார்: "என் வீட்டுக்காரரு இதைப் படிச்சுட்டு மாத்திரையை நிறுத்திட்டாருக்கா."

2

இன்று வியாழக்கிழமை. அவர் வந்துபோய் இரண்டு நாளாகிறது. காலையிலிருந்து இந்தக் கதையின் தொடக்கத்தை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். அடித்தவற்றையும் இங்கே விட்டுவைக்கிறேன். எடுத்துவிட்ட வரி என்ன செய்யும் என்று இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

[முதல் தொடக்கம்: 'சிறுகுறிஞ்சான் ஒரு கொடி. வேலியில் தானாகப் படரும். அதன் இலை பார்க்க எந்த விசேஷமும் இல்லாதது. ஆனால் அதை மென்றவர்கள்—' இது கதையில்லை, பழைய கட்டுரை மறுபடியும் தலைதூக்குகிறது. வேண்டாம்.]

[இரண்டாம் தொடக்கம்: 'அடுமனையின் அடுப்பு வாயில் தீயின் நாக்குகள் நடனமாட, மாஸ்டரின் நெற்றியில் வியர்வை முத்துகள்—' கை கூசுகிறது. வந்தவரின் கணவர் வேலை பார்க்கும் பேக்கரியில் மின்சார அடுப்பு என்று அவரே சொன்னார்.]

[மூன்றாம் தொடக்கம்: 'ஒரு எழுத்தாளருக்கும் ஒரு வாசகருக்கும் இடையே—'

இது வாக்கியமாக முடியாது என்பது இடையே என்ற சொல்லிலேயே தெரிந்துவிட்டது.]

சரி, அலங்காரம் போதும். அந்த மனிதர் பேக்கரி மாஸ்டர். இருபத்தாறு வருடமாக ஒரே பேக்கரியில் இருக்கிறார். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவதால், வீட்டிலும் மனைவி கோபம் வந்தால் "மாஸ்டரே" என்றுதான் ஆரம்பிப்பாராம். ஒன்பது வருடமாகச் சர்க்கரை உண்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மாத்திரை. அதனால் அவருக்குத் தொந்தரவு எதுவும் இருந்ததில்லை. பிறகு என் கட்டுரை வந்தது.

3

ஒரு பாத்திரத்தை எழுதும்போது முதலில் அவர்மேல் சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். நான் மாஸ்டர்மேல் படவில்லை. நேராக ஒரு முடிவுக்கே வந்துவிட்டேன்.

[அடித்தது: 'மாஸ்டர் ஓர் அப்பாவி. அச்சில் வந்ததையெல்லாம் நம்பிவிடுகிற வெள்ளந்தி மனிதர்.']

இந்த வாக்கியம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அவர் அப்பாவி என்றால் தவறு அவருடைய அப்பாவித்தனத்தின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் ஓரமாக நின்று பரிதாபப்படலாம். ஆனால் அவர் மனைவி சொன்னவற்றை ஒவ்வொன்றாக எழுத எழுத, அந்த அப்பாவி கையைவிட்டுப் போய்விட்டார்.

"படிக்காம ஒண்ணும் செய்யலக்கா. மூணு தடவை படிச்சாரு. நீங்க ஒரு சிட்டிகைன்னு போட்டிருந்தீங்களா, அது அவருக்குப் பிடிக்கல. யாரோட சிட்டிகைன்னு கேட்டாரு. பேக்கரித் தராசுல நிறுத்து, கிராம் கணக்குல பொட்டலம் போட்டாரு. ஏழு டப்பா வாங்கி, கிழமை எழுதி ஒட்டினாரு. இந்தப் பக்கத்தை அடுப்புக்கு எதிர்ச் சுவத்துல ஒட்டி, தினமும் பேனாவால ஒரு டிக்கு."

உறையைத் திருப்பிக் காட்டினார். பக்கத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிகள், வரிசை தப்பாமல். எழுதிய நானே இந்தக் கட்டுரையை இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை.

"சரி. மாத்திரையை ஏன் நிறுத்தினாரு?" என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் குற்றச்சாட்டு இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

"நானும் அதத்தான் கேட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? செய்முறையில எழுதாத சாமானைப் போடக்கூடாது, அது தொழில் பாடம்னாரு. அவங்க ஏழு சாமானையும் எழுதியிருக்காங்க, தண்ணி எத்தனை டம்ளர்னுகூட எழுதியிருக்காங்க, மாத்திரைன்னு ஒரு வார்த்தை இருக்கா பாரு. இல்லேன்னா வேணாம்னுதானே அர்த்தம்? இதான் அவரு பேச்சு."

நான் விடாமல் கேட்டேன்:

"நடுவுல ஒரு தடவையாவது ரத்தம் கொடுத்துப் பாத்திருக்கலாமே?"

"கேக் வேகறப்ப அடுப்பைத் திறந்து திறந்து பாக்கக் கூடாதாம். பாத்தா நடுவுல அமுங்கிடுமாம். மூணு மாசம் முழுசா முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னாரு."

அப்பாவி இப்படிப் பேசமாட்டார். இது தன் தொழிலில் கெட்டிக்காரரான ஒருவரின் பேச்சு. ஒரு செய்முறையை எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படியே அவர் என் கட்டுரையை வாசித்தார். நான்தான் செய்முறை எழுதுவதாக நினைத்துக்கொள்ளாமல் ஒரு செய்முறையை எழுதிவிட்டேன்.

4

(கதையை நிறுத்தி ஒரு சிறு குறிப்பு. அவசரமாக இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கதையே இதில்தான் திரும்புகிறது. சிறுகுறிஞ்சான் இலையை நன்றாக மென்றால், அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை நாக்குக்கு இனிப்பு தெரியாது. கசப்பு, உப்பு, புளிப்பெல்லாம் தெரியும், இனிப்பு மட்டும் தெரியாது. சீனியை அள்ளிப் போட்டுக்கொண்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். இதற்காகவே சர்க்கரைக்காரர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். இலையில் வேறு குணமும் உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். மாத்திரைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் என் பங்கு.)

பேக்கரியில் பன் வெந்து வெளியே வந்ததும், மேலே ஒரு கை சீனிப்பாகு தடவுவார்கள். அந்தப் பளபளப்புக்காகத்தான். எல்லாவற்றையும் நிறுத்துப் போடுகிற மாஸ்டர், பாகை மட்டும் நிறுப்பதில்லை. கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். அது அவருடைய செருக்கு. இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

காலை ஐந்தரைக்கு அன்றைய கிழமையின் மருந்து. ஆறு மணிக்குப் பாகு. நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

வியாழக்கிழமைகளில் பன் தாங்கமுடியாத இனிப்பு.

முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு பேர் பன்னைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்தாவது வாரம் முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டார். ஆறாவது வாரத்திலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வியாழக்கிழமை மட்டும் வரிசையில் நின்று வாங்க ஆரம்பித்தார்கள். முதலாளி கேட்பதை விட்டுவிட்டார்.

மாஸ்டரோ மண்டையை உடைத்துக்கொண்டார். சீனியை மாற்றிப் பார்த்தார், பாத்திரத்தை மாற்றிப் பார்த்தார். பாகு சப்பென்று இருக்கிறதே என்று இன்னும் ஒரு கரண்டி போடுவார். தன் நாக்கைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

சந்தேகப்பட்டவர் மனைவி. சலவைக் கடையில் தேநீர் வேளைக்குக் கணவர் கொடுத்தனுப்பும் பன்னைப் பங்குபோடுவார். "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு, இன்னைக்கு ஏன் இப்படித் தித்திக்குது?" என்று ஒரு தோழி கேட்டாள். போன வாரமும் இதே நாள் இதே பேச்சு வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று மாலை பேக்கரிக்குப் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த பக்கத்தில் வியாழனைப் படித்தார். டப்பாவிலிருந்து ஒரு இலையை எடுத்து மென்றுவிட்டு, சீனியை வாயில் போட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலக்கா. அங்கயே பயந்துட்டேன். நாக்கே இப்படி ஏமாந்துதுன்னா இந்த மனுஷன் இன்னும் எதெதுல ஏமாந்தாரோன்னு. வீட்டுக்கு வந்து அவரு அலமாரியைத் திறந்தேன். மூணு மாச மாத்திரை, அட்டைகூட பிரிக்கல."

அவரைப் பிடித்துக் கேட்டபோது மாஸ்டர் நிதானமாகச் சொன்னாராம்: "மூணு மாசம் முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கு. பொறு."

பத்து நாள் பொறுக்கவில்லை. நாலாம் நாள் கொதிக்கிற பாகு கரண்டியிலிருந்து சிந்தி, இடதுகால் இரண்டாவது விரலில் விழுந்தது. சர்க்கரையில் விரல் மரத்துப்போயிருந்தது, மாஸ்டருக்குத் தெரியவில்லை. முதலாளி பார்த்து, "மாஸ்டர், உங்க காலுறை ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தார். அது பாகின் ஈரம் இல்லை. கொப்புளம் உடைந்து மணிக்கணக்காகியிருந்தது.

5

இப்போது அவர் மருத்துவமனையில், இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். சேர்த்த அன்று சர்க்கரை நானூற்று முப்பது. புண் ஆற வேண்டுமென்றால் சர்க்கரை இறங்க வேண்டும், சர்க்கரை இறங்க இன்சுலின் போட வேண்டும், இல்லையென்றால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாதாம்.

மாஸ்டர் ஊசி வேண்டாம் என்கிறார். ஊசி போட ஆரம்பித்தால் சாகும்வரை போட வேண்டியிருக்கும் என்ற பயம் ஒருபுறம். மூன்று மாதம் முடியாமல் பாதியில் அடுப்பைத் திறந்துவிட்டார்கள் என்ற கோபம் இன்னொருபுறம். ஏழு டப்பாவையும் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்கிறாராம்.

"டாக்டர் சொல்றது காதுல ஏறல. நான் சொன்னா சண்டை. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கக்கா. எழுதினவங்களே சொன்னா கேப்பாரு. இந்தக் கடைசி வரியை மனப்பாடமாச் சொல்றாரு, மஞ்சளா இறங்குற தண்ணின்னு. நாலுலேருந்து ஆறு வரைக்கும் பாக்க விடுவாங்க."

"பாக்கறேம்மா. வேலை கொஞ்சம் இருக்கு" என்றேன்.

அவர் பக்கத்தை உறையில் போட்டு, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளாக நான் செய்துகொண்டிருக்கும் அந்த வேலை இந்தக் கதைதான். சிறப்பிதழுக்குக் கதை ஒன்று வேண்டுமென்று ஆசிரியர் கேட்டிருந்தார். ஒரே கல்லில்— வேண்டாம், அந்தச் சொல்லை இங்கே எழுத எனக்குத் தகுதியில்லை. போகாமல் இருப்பதற்குக் கதையைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் போகவில்லை என்று சொல்லியாக வேண்டும். அதற்கு முதல் பகுதிக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

ஆசிரியர் அந்த வரியை எடுக்கவில்லை. இரண்டு வரி மிஞ்சுகிறது, எதை எடுக்கலாம் என்று தொலைபேசியில் கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "கடைசி வரியை எடுத்துடுங்க சார்" என்றேன். "மாத்திரை வரியா மேடம்? அது இருக்கட்டுமே, நடுவுல ஏதாவது எடுக்கலாமே" என்றார் அவர். "இல்ல சார், அது ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி இருக்கு. மஞ்சள்ல முடிஞ்சாத்தான் நல்லா இருக்கும்" என்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாசகர்கள் அந்த முடிவைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. எனக்கும் சர்க்கரை உண்டு, ஆறு வருடமாக. அந்தக் கட்டுரையை எழுதிய அன்றும் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மேசையில், தாளுக்குப் பக்கத்தில், அட்டை கிடந்தது. உடம்பு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று எழுதியது அந்த மாத்திரை தெம்பாக வைத்திருந்த கை.

6

சரி, முடிவுகளைப் பார்ப்போம். மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு அ: எழுத்தாளர் மருத்துவமனைக்குப் போகிறார். கட்டிலருகே நின்று மனம் திறந்து பேசுகிறார். மாஸ்டரின் கண்கள் கலங்குகின்றன. பக்கத்துக் கட்டில்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். — இதில் நான் மிக நன்றாகப் பேசுகிறேன். அதனாலேயே இது நடக்கப்போவதில்லை.

முடிவு ஆ: எழுத்தாளர் கிளம்பும் நேரம் தொலைபேசி அடிக்கிறது. "அக்கா, அவரே ஊசிக்கு ஒத்துக்கிட்டாரு." எழுத்தாளர் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தேநீர் போடுகிறார். — இதை எழுதியபோது உண்மையிலேயே எனக்கு ஒரு நிம்மதி வந்தது. தொலைபேசியை எடுத்துக்கூடப் பார்த்தேன்.

முடிவு இ: சில வருடங்கள் கழித்து ஒரு தெருவில் மாஸ்டர் எதிரே வருகிறார், லேசாகக் காலைச் சாய்த்து. எழுத்தாளரை அடையாளம் கண்டு, "உங்கமேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா" என்கிறார். — விரலை எடுத்தாவது அந்த மனிதரை என்னை மன்னிக்க வைத்திருக்கிறேன். கேவலம்.

நான்காவது ஒன்றைத் தொடங்கியபோது என் கணவர் அறைக்குள் வந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், வியாழன் அவருக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பேசியதை உள்ளறையிலிருந்து கேட்டவர், இரண்டு நாளாக மூச்சு விடவில்லை.

"என்ன எழுதற?"

"முடிவு."

"மணி மூணே கால்."

"ஒரு பத்தி எழுதிட்டுப் போயிடுவேன்."

"அந்த மனுஷன் உன் பத்தியிலயா படுத்திருக்காரு?"

"போய் என்ன சொல்றது? நான் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே உங்களுக்குப் பூவைக் கொதிக்க வைக்கச் சொன்னேன்னா?"

"ஆமா. அதத்தான்."

இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டு அவர் என் கைப்பையை எடுத்துவந்து, மேசையிலிருந்த மாத்திரை அட்டையை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்தார். வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அது இதுதான்:

'முடிவு ஈ: எழுத்தாளர் தன் மேசையிலேயே உட்கார்ந்து, முடிவை வாசகரிடம்—'

7

இதை வெள்ளிக்கிழமை காலையில் எழுதுகிறேன்.

மாஸ்டர் நான் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தார். முன்கைகளில் தட்டு சுட்ட பழைய தழும்புகள் வரிவரியாக இருந்தன. இடதுகால் தலையணைமேல் கட்டோடு இருந்தது. மனைவி என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். மாஸ்டர் படுக்கையிலிருந்தே கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னை என்னவோ செய்தது.

"வாங்க மேடம். போட்டோவுல வேற மாதிரி இருந்தீங்க."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"நீங்களே சொல்லுங்க. இங்க வந்து சேர்ந்தப்ப ஆறு நாள்தான் பாக்கி இருந்துச்சு. பாதியில நிறுத்தலாமா?"

வரும் வழியெல்லாம் தயார் செய்திருந்த நாலு வாக்கியமும் போன இடம் தெரியவில்லை. பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துப் போர்வைமேல் வைத்தேன். பத்தில் நாலு குழி காலி.

"இது என்னது மேடம்?"

"நான் சாப்பிடுறது. ஆறு வருஷமா."

அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைப் படித்தார். அவர் விட்டுவிட்ட அதே மாத்திரை.

"இதை எழுதினப்பவும் சாப்பிட்டீங்களா?"

"அன்னைக்குக் காலையிலயும் சாப்பிட்டேன்."

"அப்ப அதை ஏன் எழுதல?"

"நிறுத்தக்கூடாதுன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். கடைசி வரி. நானே எடுக்கச் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"நல்லா இல்லைன்னு தோணுச்சு. மஞ்சள்ல முடிஞ்சா அழகா இருக்கும்னு."

இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதற்கு என்னை நானே பாராட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தராசு போட்டு நிறுக்கிற கண்ணுக்கு முன்னால் வேறு எதுவும் வாயில் வரவில்லை, அதுதான் உண்மை.

மாஸ்டர் அட்டையைத் திரும்பப் போர்வைமேல் வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "உப்பை எழுதாம விட்டுட்டாங்க."

"என்ன?" என்றேன்.

"மாவுக்கு உப்பு போடணும் மேடம். அது பன்னுல தெரியவே தெரியாது, அழகும் கிடையாது. ஆனா போடலேன்னா மாவு அடங்காது, பொங்கிப் பொங்கி விழுந்துடும். செய்முறையில எதை வேணாலும் விடலாம், உப்பை விடக்கூடாது. எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவன் இப்படி எழுதியிருந்தா அன்னைக்கே கரண்டியைப் பிடுங்கியிருப்பேன்."

"பிடுங்கிக்கோங்க."

அப்போதுதான் சிரித்தார். நானும் சிரிக்கப் போய், சிரிப்பு வேறாகி, தலையைக் குனிந்துகொண்டேன். "தப்பு என்மேலதான், என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அதைவிட அழகாகச் சொல்லத் தெரியவில்லை, முயலவும் இல்லை.

"அந்த வியாழக்கிழமை இலை பொய்யா?" என்று கேட்டார்.

"பொய் இல்ல. நாக்குக்குத்தான் அது இனிப்பை மறைச்சுது. ரத்தத்துக்கு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு."

வார்டு நர்ஸ் தட்டோடு வந்து நின்றார். "என்னங்க மாஸ்டர், இன்னைக்காவது?" என்றார். தினமும் கேட்டுப் பழகிய குரல்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்." மாஸ்டர் மனைவியிடமிருந்து அந்தப் பக்கத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். "அந்த வரியை இதுல எழுதிக் கொடுங்க. வாயால சொல்றது செய்முறையில சேராது."

பேனாவை எடுத்து, மஞ்சளுக்குக் கீழே எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை. தாள் எண்ணெயில் ஊறியிருந்தது, முள் வழுக்கிக்கொண்டு போனதே தவிர மை பிடிக்கவில்லை. இன்னொரு பேனாவை நர்ஸ் கொடுத்தார். அதுவும் அப்படியே. நாங்கள் நாலு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப அச்சுலயே போட்டுடுங்க" என்றார் மாஸ்டர். "அதே புத்தகத்துல. இது ஒட்டின இடத்துலயே அதையும் ஒட்டிக்கறேன். இன்னைக்கு உங்க வாய்ச் சொல்லுக்காகப் போட்டுக்கறேன். அச்சுல வரலேன்னு வைங்க..." என்று விரலை ஆட்டினார். அது மிரட்டலா கேலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சட்டையை மேலே தூக்கிவிட்டார். ஊசி இறங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவர் மனைவி அந்தப் பக்கத்தை மடியில் வைத்து, மறுபடியும் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

8

ஆசிரியருக்கு ஒரு குறிப்பு. (வாசகர்களும் படிக்கலாம், இனி உங்களுக்குத் தெரியாமல் நான் எதுவும் எடுப்பதாக இல்லை.)

சார், பக்கம் கட்டிப் பார்த்துவிட்டு நேற்று நீங்கள் கூப்பிட்டுச் சொன்னது சரிதான். இரண்டு வரி மிஞ்சுகிறது. "கடைசியில வர்ற அறிவுரை வரியை எடுத்துடலாமா மேடம், கதைக்கு அது பொருந்தலையே" என்று கேட்டீர்கள். பொருந்தாது என்பது எனக்கும் தெரிகிறது. ஒருமுறை நான் பொருத்தம் பார்த்ததன் விலையை ஒரு கட்டிலில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே வேறு ஒன்றை எடுத்துவிட்டேன். ஏழாம் பகுதிக்குப் பிறகு ஒரு சிறு பத்தி இருந்தது. பதினெட்டு நாள் கழித்து மாஸ்டரின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த விரல் என்ன ஆயிற்று என்று சொன்ன பத்தி. நன்றாகவே வந்திருந்தது. அதைத்தான் எடுத்திருக்கிறேன்.

[இங்கே விரலைப் பற்றிய பத்தி இருந்தது.]

வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பத்தியை நீங்களே எழுதிக்கொள்ள முடியும். விரல் இருப்பதாகவோ இல்லாததாகவோ, உங்கள் மனம் போனபடி. இந்த வரியை மட்டும் உங்களிடம் விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

மாஸ்டர், இது உங்களுக்கு. எண்ணெய் தெறிக்காத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள்.

இந்த ஏழில் எதைச் சாப்பிட்டாலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.